பதின்மூன்று வாட்

என் மீட்டர் பொய் சொல்லாது என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாயாலேயே இதையும் சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் தோல் பட்டறைகளுக்கு நடுவே எனக்கு ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. மிக்ஸி, மின்விசிறி, இன்வெர்ட்டர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். பைகளில் பெயர் பொறிக்கவும் பித்தளைக் கொக்கிகளில் முத்திரை போடவும் லேசர் மிஷின்கள் சந்துக்குள் வந்த பிறகு, அவையும் என் மேஜைக்கு வரத் தொடங்கின. லேசருக்கு வயதானால் பலம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்கத்தான் வேண்டும். அளக்கிற மீட்டரை வெளிநாட்டிலிருந்து வாங்க எனக்கு வசதியில்லை. ஆகவே நானே செய்தேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. தண்ணீர் குளிரூட்டும் மிஷினில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதன் ஒரு பக்கம் சூடானால் துளி மின்சாரம் வரும். அதன்மேல் ஒரு அலுமினியத் துண்டை ஒட்டி, துண்டின் முகத்தில் கறுப்பு பூசினால் போதும். லேசர் பட்டதும் கறுப்பு அதை விழுங்கும், அலுமினியம் சூடாகும், வருகிற மின்சாரத்தை எண்ணாக்கிக் காட்டலாம். அந்த எண் சரியா என்று பார்ப்பதில்தான் என் நேரமெல்லாம் போனது. அலுமினியத்தோடு ஒரு ரெசிஸ்டரை ஒட்டி, அளந்த மின்சாரத்தை அதில் செலுத்துவேன். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் எத்தனை வாட் சூடு என்று தெரிந்துவிடும். பத்து வாட் கொடுத்தால் மீட்டர் பத்து காட்ட வேண்டும். காட்டும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.

எந்தக் கறுப்பைப் பூசுவது என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை. எங்கள் சந்தில் யாரும் யோசிப்பதில்லை. வெட்டிய தோலின் ஓரத்தில் தடவுகிற கறுப்புச் சாயம் எல்லாப் பட்டறையிலும் வாளியில் இருக்கும். தேய்ந்த செருப்புக்கு, ஹெல்மெட் கீறலுக்கு, வெளுத்துப்போன குடைப்பிடிக்கு எல்லாம் அதுதான். பக்கத்துப் பட்டறையில் ஒரு கிண்ணம் வாங்கிவந்து மீட்டருக்கும் பூசினேன். மரப்பலகையில் எழுத்துப் பொறிக்கிற நீல லேசரில் வைத்துப் பார்த்தபோது எண் கச்சிதமாக இருந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் லேசரோடு விளையாடுகிறவர்கள் ஏழு பேர் ஆளுக்கொரு மீட்டர் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்குமா?

பக்கத்துப் பட்டறை பாய்க்கு எங்கள் பக்கத்து ஊர்தான். அவர் உல்லாஸ்நகர் வியாபாரி ஒருவரிடம் கொக்கிகளுக்கென்று ஒரு ஃபைபர் லேசர் மிஷின் எடுத்தார். இருபது வாட் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதன் ஒளி கண்ணுக்கே தெரியாத ஜாதி. பாய் கூப்பிட்டார், அளந்தேன். பதின்மூன்று காட்டியது.

“பழைய சரக்கத் தலையில கட்டிட்டான்யா!” என்று பாய் குதித்தார். நான் ஒரு தாளில் பதின்மூன்று வாட் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பாய் அதைப் படமெடுத்து வியாபாரிக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். மிஷினைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்த ஃபிட்டர் அவர். உல்லாஸ்நகர்த் தமிழர், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். வழியில் நல்ல லேசரைக் கழற்றி விற்றுவிட்டுப் பழையதை மாட்டியிருக்கிறார் என்று அந்த வியாபாரி சேட் முடிவு செய்து, வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“கசம் சே அக்கா, சத்தியமா நான் ஸ்க்ரூவக்கூடத் தொறக்கல. ஏக் பார், ஒரே ஒரு தடவ திரும்ப அளந்து பாருங்க.”

பாயின் பட்டறைக்கு அழைத்துப் போய் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் பதின்மூன்று.

“அண்ணே, இந்த மீட்டருக்கு ஒங்களயும் தெரியாது, ஒங்க சேட்டயும் தெரியாது. இருக்கத சொல்லுது, அவ்வளவுதான்” என்றேன்.

அவர் சயான் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். சரியாகத்தான் பேசினோம் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலை பாய் ஒரு தோல் வாரை என் மேஜையில் போட்டார். “தங்கச்சி, இந்த மிஷினு பித்தளையில என்னமா வெட்டுது! ஆனா சாயம் பூசின வார் ஓரத்துல வச்சா ஒரு கீறலு விழல. என்ன மாயம்னு பாரு.”

வாரைத் திருப்பிப் பார்த்தேன். அதே சாயம். என் மீட்டரின் முகத்தில் இருப்பதும் அதேதான். என் கண்ணுக்கு அது கறுப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு அது கறுப்பாக இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? சாயத்துக்குள் புகுந்து, அலுமினியத்தில் பட்டு, வந்த வழியே ஒளி திரும்பிப் போயிருந்தால்? ரெசிஸ்டர் சூடு அலுமினியத்துக்கு நேராகப் போகிறது, கறுப்பைக் கடந்து வர வேண்டிய வேலையே அதற்கில்லை. பத்துக்குப் பத்து காட்டும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த நான், அளக்க வேண்டியதை அளக்கவே இல்லை.

சந்தேகம் போதாது, தெரிந்தாக வேண்டும். சாயத்தைச் சுரண்டி எடுத்தேன். வீட்டுப் பூஜை அலமாரியிலிருந்து கற்பூரம் எடுத்துவந்து கொளுத்தி, அலுமினியத்தைப் புகையில் காட்டினேன். நல்ல கரி படிந்தது. பாயின் பட்டறைக்குப் போய், கரியைச் சுட்டுவிடாதபடி அவர் மிஷினின் லேசரைப் பரவலாக விழவைத்து அளந்தேன். பத்தொன்பதரை. தகட்டை ஆறவிட்டு மறுபடி அளந்தேன். பத்தொன்பதரைதான்.

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “விடு தங்கச்சி. மிஷின நான் வச்சிக்கிடுதேன், சரியாயிட்டுன்னு சேட்டுக்கு ஒரு போன போடுதேன். நீ ஒண்ணும் சொல்லாண்டாம். வெளிய தெரிஞ்சா ஒன்ட்ட ஒருத்தனும் அளக்க வரமாட்டான்.”

“சரியாயிட்டுன்னா, அவரு திருடின லேசரத் திரும்பக் கொண்டாந்து மாட்டிட்டாருன்னுல்ல ஆவும் பாய்?”

பாய் தாடியைத் தடவினார். அவர் சொன்னது என் நல்லதுக்குத்தான். கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் மீட்டரையும் வாரையும் சாயக் கிண்ணத்தையும் கற்பூர டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு உல்லாஸ்நகருக்கு ரயில் ஏறினேன். ஃபிட்டருக்கும் போன் செய்து சேட்டின் கடைக்கு வரச் சொன்னேன்.

சேட்டின் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த இன்னொரு இருபது வாட் மிஷினில் செய்து காட்டினேன். முதலில் சாயம் பூசி அளந்தேன், பதின்மூன்று. சுரண்டிவிட்டுக் கரி பிடித்து அளந்தேன், பத்தொன்பது. ஃபிட்டர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தப்பு என்னோடது. இவர்மேல ஒரு தப்பும் இல்லை” என்று இந்தியில் சொன்னேன். சேட் சிரித்தார். இனி இந்தம்மாவின் மீட்டரை என் மிஷின் பக்கம் கொண்டுவரக் கூடாது என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும். என் பழைய தாளைப் படத்தில் காட்டி, இதே போல எழுத்தில் வேண்டும் என்றார். மீட்டர்தான் தவறு, ஃபிட்டர் எதையும் மாற்றவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சேட் படித்துவிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வா என்றார்.

காரியம் முடிந்தது என்று படியிறங்கினேன். ஏழு மீட்டரையும் திரும்ப வாங்கி, மோட்டார் சைக்கிள் கடையில் சைலன்சருக்கு அடிக்கும் கறுப்பைப் பூசி, அதையும் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஃபிட்டர் ஓடிவந்தார்.

“அக்கா, இன்னொண்ணு தமிழ்ல எழுதித் தாங்க.”

“சேட்டுக்குத்தான் குடுத்தாச்சே அண்ணே. தமிழ் எதுக்கு?”

“வீட்டுக்கு. எம் பொண்டாட்டி ஊர்ல படிச்சவ, தமிழ் மட்டுந்தான் படிப்பா. நான் வித்துட்டேன்னு அவளும் நெனைக்கிறா. மூணு நாளா எங்கூடப் பேசல.”

நான் பிடுங்கியது வேலையை மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். நின்ற இடத்திலேயே தாளை மீட்டர் பெட்டிமேல் வைத்து எழுதினேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். அவர் வாங்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“எனக்குத் தமிழ் படிக்க வராதுக்கா. நான் திருடலன்னு எந்த எடத்துல இருக்கு?”

விரலை வைத்துக் காட்டினேன். அவர் என் பேனாவை வாங்கி, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டார்.