அக்காவின் கையில் ஏறிய உப்புத் தண்ணீர்

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது. அருவிக்கு வந்த கூட்டம் எங்கள் இலஞ்சி வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. சாரல் முடிவதற்குள் வாந்திபேதி எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை; அப்பாவோடு இருந்தேன். அக்காவை அதே தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம்.

முதலில் விழுந்தவர் அத்தான். காலையில் வயலுக்குப் போனவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உச்சிவேளைக்குள் கண் குழிந்து, குரல் கம்மி, ஆளே அடையாளம் தெரியவில்லை. கெண்டைக்கால் சதை முறுக்கி இழுத்தது. "தண்ணி, தண்ணி" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பேதி போகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகும் என்றுதான் ஊரில் எல்லோரும் நம்பியிருந்தோம். அக்கா ஈரத்துணியால் அவர் உதட்டை மட்டும் நனைத்தாள். அவர் அந்தத் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டார். அவள் அதை மெல்ல உருவி எடுத்தாள். பொழுது சாயும் முன்னே அத்தான் போய்விட்டார்.

மறுநாள் அக்காவுக்குக் கண்டது. இந்தத் தடவை அப்பா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. வண்டியைப் பூட்டி, அவளை வைக்கோல்மேல் கிடத்தி, என்னையும் ஏற்றிக்கொண்டார். தென்காசிக்கு வெளியே காலராவுக்கென்று ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கிருந்த டாக்டருக்கு அக்காவின் நாடி தட்டுப்படவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியைக் கம்பில் தொங்கவிட்டு, அதிலிருந்து வந்த ரப்பர் குழாயின் ஊசியை அவள் முழங்கை நரம்பில் செருகினார்.

"ஐயா, பேதியில கெடக்கவளுக்குத் தண்ணி ஏத்தலாமா?" என்று அப்பா பதறினார்.

"ஒடம்புல இருந்த தண்ணியும் உப்பும்தான் வெளிய போயிருக்கு. ரத்தம் கெட்டியாயிட்டு. அதை வச்சு நெஞ்சு எப்படி அடிக்கும்? போனதைத் திருப்பிக் குடுக்கோம், அவ்வளவுதான்."

புட்டி வடிய வடிய, நீலம் பாரித்திருந்த அவள் நகங்களில் சிவப்பு திரும்பியது. அடுத்த புட்டி மாட்டிய பிறகு கண் திறந்தாள்.

"ஏட்டி, இது என்னது?"

"உப்புத் தண்ணிக்கா."

"தண்ணியா?" வெகுநேரம் அந்தப் புட்டியையே பார்த்தாள். "அவுகளும் அதைத்தானே கேட்டாவ."

முகம் கோணி அழுதாள். கண்ணில் நீர் வரவில்லை. அதற்குக்கூட அவள் உடம்பில் ஈரமில்லை. மறுநாள் டாக்டர் சொன்னபடி உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியை வாயில் விட்டேன். அதன் பிறகுதான் கண்ணீர் வழிந்தது.

வீடு திரும்பியும் மாதக்கணக்கில் அவள் யாரோடும் பேசவில்லை. அடுத்த கோடையில் பின்தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்கு வாந்திபேதி என்று கேட்டதும் கஞ்சிச் சட்டியோடு எழுந்து போனாள். நானும் பின்னால் ஓடினேன். வாசலில் அந்தப் பெண்ணின் மாமியார் மறித்தாள்.

"எம்மருமவளக் கொல்லவா வந்தே?"

"தண்ணி குடுக்காமக் கொன்னவ சொல்லுதேன். வழிய விடுங்க."

மாமியார் விலகினாள். அக்கா சங்கு சங்காகப் புகட்டினாள். குடித்ததையெல்லாம் அந்தப் பெண் கக்கினாள். அக்கா விடாமல் மறுபடியும் புகட்டினாள்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பிறகு அக்கா போன எல்லா வீடுகளிலும் அப்படி நடக்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் இருந்தவரை யாரும் தாகத்தோடு போகவில்லை.