சிவப்பு வண்டியும் டெலிபோன் அக்காவும்

தெருவில் எல்லோருக்கும் அவள் டெலிபோன் அக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அவள் தாவணிப் பருவத்தைத் தாண்டியிருக்கவில்லை. ஓய்வுபெறும் வரை செய்தது ஒரே வேலை. பேச விரும்புகிற இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிட்டு, தான் விலகிக்கொள்வது.

கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்கள் எல்லாரும் "ராத்திரி ஷிஃப்ட்டும் உண்டா?" என்று இழுத்தார்கள். பிறகு இழுப்பதற்குக்கூட யாரும் வரவில்லை. அப்பா படுத்த படுக்கையாகி, அவரைப் பார்த்துக்கொண்டு, அவரும் போய்ச் சேர்ந்தபின், சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் அவள் மட்டும் மிஞ்சினாள். வேறு ஊரில் இருக்கிற தம்பி எப்போதாவது கூப்பிடுவான்.

"நல்லா இருக்கியாக்கா?"

"இருக்கேன்டா."

அதோடு சரி. காலையில் கீழே சைக்கிள் கடையின் ஷட்டர் ஏறும் சத்தம், இரவில் அது இறங்கும் சத்தம். இரண்டுக்கும் நடுவில் அந்த வீட்டில் மனிதக் குரல் என்று ஒன்று இருந்தால் அது ரேடியோவில் வருவதுதான்.

இரண்டு தெரு தள்ளி, பழைய சுங்கக் கட்டடத்தில் ஊர் மியூசியம் இருந்தது. பெரிய பொக்கிஷம் எதுவும் கிடையாது. எடைக்கற்கள், முடிதிருத்துகிறவர் ஒருவரின் சுழல் நாற்காலி, வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும் சுவர்க்கோடு, கொல்லைக் கொட்டகையில் சிவப்பு நிறத்தில் ஊரின் முதல் தீயணைப்பு வண்டி. கூரை ஒழுகுகிறது, ஆளும் வருவதில்லை, இடித்துவிட்டு வாகன நிறுத்தம் கட்டப்போகிறோம் என்று நகராட்சி அறிவித்தது.

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒரு கூட்டம் போட்டார். டெலிபோன் அக்கா அதற்குப் போனது மியூசியத்தின் மேல் உள்ள பற்றினால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை என்ன செய்வது என்று தெரியாததால்தான்.

"ஆளே வர்றதில்லன்னுதானே சொல்றாங்க? வர வெச்சுட்டாப் போச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எப்படி? இருமல் மருந்து வாங்க வர்றவங்களை எல்லாம் அங்க தள்ளிவிடப் போறீங்களா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

சிரித்து முடித்தபின் ஒரு யோசனை உருவானது. முடிவெடுப்பதற்கு முன் நகராட்சிக் குழு நேரில் பார்க்க வரும். என்றைக்கு என்று சொல்லமாட்டார்கள். அவர்கள் எப்போது நுழைந்தாலும் உள்ளே ஆட்கள் இருக்கவேண்டும். அதற்கு வீடு வீடாகப் போன் போட்டு, இந்த வீட்டார் இந்த வேளைக்கு என்று பிரித்துவிட வேண்டும்.

"அத்தனை வீட்டுக்கும் யாரு பேசறது?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. சிலர் இன்சூரன்ஸ் விற்கிறவள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். சிலர் அரை மணி நேரம் சம்பந்தி வீட்டுக் கதையெல்லாம் பேசினார்கள். ஒரு பெண், "எங்க வீட்டுக்காரர் எதுக்குக்கா மியூசியத்துக்கு? அவரே ஒரு மியூசியம்தான்," என்றாள். டெலிபோன் அக்கா போனைக் கையில் பிடித்தபடி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று பிறகு யோசித்தாள்.

ஒரு நாள் ஒரு வீட்டில் வயதான குரல் ஒன்று எடுத்தது.

"உங்க வீட்ல இருந்து மியூசியத்துக்கு ஒரு தடவை வரணும். எப்போ தோதுப்படும்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தோதுப்படாதும்மா. இடுப்பெலும்பு உடைஞ்சு கட்டிலோட கிடக்கேன். பையனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் கேட்டுச் சொல்றேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தச் சிவப்பு வண்டி இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கே."

"அதை ஓட்டினது நான்தான். மணியில கட்டின கயிறு இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா?"

அன்று மத்தியானமே போய்ப் பார்த்தாள். மணி மட்டும் இருந்தது, கயிறு இல்லை. மறுநாள் சொன்னபோது அவர் சிரித்தார். "நெனச்சேன். அது எங்க வீட்டுத் துணி காயப்போடற கொடி. சம்சாரத்துக்குத் தெரியாம அறுத்துட்டுப் போனது."

அடுத்த நாள் வேறொன்று கேட்டார். அவள் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பார்ப்பதற்கு வண்டியில் ஒன்றும் பாக்கி இல்லாதபோதும் பேச்சு நிற்கவில்லை. மகனும் மருமகளும் கிளம்பிப் போனதும் அவர் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் காத்திருப்பார் என்பதற்காகவே அவள் குளித்துச் சாப்பிட்டுத் தயாராக உட்கார்ந்தாள்.

ஒரு நாள் பேச்சின் நடுவே அடுப்பில் பால் பொங்கியது. "கொஞ்சம் இருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்த் திரும்பினாள். மறுபக்கம் சத்தமே இல்லை.

"இருக்கீங்களா?"

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"எதை?"

"'கொஞ்சம் இருங்க'ன்னு சொன்னீங்களே, அதை."

சொன்னாள்.

"எக்ஸ்சேஞ்சா நீங்க?" என்றார் அவர்.

அந்தக் காலத்தில் ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் முதலில் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் தெரியும். இவள் தீயணைப்பு நிலையத்தைப் பிடித்து, 'கொஞ்சம் இருங்க' என்று விவரம் கேட்டு இடத்தைச் சொல்வாள். மறுமுனையில் ஓர் இளைஞன் "கிளம்பிட்டோம்" என்பான். அந்த ஒரு சொல்லை எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறாள். முகம் பார்த்ததில்லை. இப்போது அந்தக் குரலில் சளி கட்டியிருந்தது. அன்று இருவரும் யார் வீட்டில் தீப்பிடித்தது, யார் பிழைத்தார்கள் என்று வெகுநேரம் பேசினார்கள். வைத்தபின் அவளுக்குக் காது சுட்டது.

நகராட்சிக் குழு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உள்ளே கால் வைக்க இடமில்லை. சுழல் நாற்காலிக்கு முன்னால் வரிசை நின்றது. குழுவின் தலைவர் சுவரில் வெள்ளம் ஏறிய கோட்டைத் தொட்டுப் பார்த்து, "எங்க வீட்லயும் இவ்வளவு உயரம் வந்துச்சு," என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார். சில வாரங்களில் அறிவிப்பு வந்தது. இடிக்கப்போவதில்லை, கூரையைச் சரிசெய்யப் போகிறார்கள்.

எல்லோரும் கூடி டீ குடித்தார்கள். ஹெட்மாஸ்டர் அவளை முன்னால் அழைத்து, "ஊரையே ஒண்ணு சேத்தது இவங்கதான்," என்றார். கைதட்டினார்கள். அப்புறம் அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

சிவப்பு வண்டிக்காரரிடம் சேதி சொன்னபோது, "நல்லது, நல்லது," என்றார். இனி எந்தச் சாக்கில் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சும்மா கூப்பிடலாம்தான். கல்யாணமாகாத ஒருத்தி, அடுத்தவர் வீட்டுக்கு, சும்மா. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொறுக்கமாட்டாமல் எண்ணைச் சுற்றினாள்.

அன்று வேலைக்குப் போகாத மருமகள் எடுத்தாள். "யாருங்க?"

"ராங் நம்பர். மன்னிச்சுக்குங்க," என்று வைத்துவிட்டாள். வேலையில் இருந்த காலம் முழுக்க யாரிடமும் அப்படிப் பொய் சொன்னதில்லை.

கூரை வேலை முடிந்து மியூசியத்தைத் திறந்தார்கள். மைக்கில் யாரோ முழங்கிக்கொண்டிருந்தார். கொட்டகையில், வண்டிக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். பெரிய காதுகள், ஒட்டிய கன்னம், சலவைச் சட்டை. சொல்லாமலே தெரிந்தது. நாற்காலியைப் பிடித்தபடி மருமகள் நின்றாள். தன் குரலை அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயத்தில், அவள் குனிந்து மெல்லச் சொன்னாள்: "நான்தாங்க, போன்ல பேசறவ."

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அறிமுகமில்லாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"ஆமாம்மா, நல்ல கூட்டம்," என்றார்.

"மாமாவுக்குக் காது மந்தம். போனைக் காதோட அழுத்தி வெச்சாத்தான் கேக்கும்," என்றாள் மருமகள், வருத்தம் சொல்வது போல. டெலிபோன் அக்கா தலையாட்டிவிட்டுக் கூட்டத்தோடு நகர்ந்தாள்.

மறுநாள் காலை கூப்பிட்டாள். அவரே எடுத்தார்.

"நேத்து நான் வந்தேனே! உங்களைத்தான் தேடிக்கிட்டே இருந்தேன். நீங்க வரலையா?"

"வந்தேன். கூட்டத்துல பாக்க முடியாமப் போச்சு," என்றாள்.

"பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்."

"கண்டுபிடிச்சிருப்பீங்க."

அதன்பின் சாக்கு எதுவும் தேவைப்படவில்லை. சில மாதங்கள் அப்படிப் போயின. மழைக்காலத்தில் ஒரு காலை, மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படியே. மகனுக்கு வேலை மாற்றலாகி வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டு ஆட்களைப் பற்றி ஏன் கேட்கிறாள் என்றும் அவர் கேட்கவில்லை.

இப்போது மியூசிய வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலையை அவள் பார்க்கிறாள். திறந்த புதிதில் வந்த கூட்டம் வடிந்துவிட்டது. சில நாட்கள் ஒருவரும் வருவதில்லை. மூடும் நேரமானால் காவலாளி ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவார்.

"கிளம்பலாமாக்கா?"

"யாராவது வந்தாலும் வருவாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டுமே," என்பாள்.