ஜன்னலில் மறந்த பிரேக் ஒயில்

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டுவதைவிடக் காரைக் கழற்றுவதில்தான் ஆசை அதிகம். பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் ஆபீஸ் கிளாக்கர். கார், ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது விட்டுப்போனது. கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அதற்கு நல்ல வயதாகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் கீழே போய்ப் படுத்துவிடுவார். எனக்கு அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும்தான் தெரியும். "என்னங்க, தேத்தண்ணி" என்று பாதங்களிடம் சொல்லிவிட்டு வருவேன்.

அது எதுவுமே கிடைக்காத காலம். கோதுமை மா, சீனி, துணி எல்லாவற்றுக்கும் கியூ. காருக்கு வேண்டிய சாமான்கள் கப்பலில் வருவது கிட்டத்தட்ட நின்றேபோயிருந்தது. பேட்டரி செத்துப்போனால் புதிது கிடையாது. அதனால் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அடை கொடுத்து வைப்பார்கள். புறப்படும்போது கல்லை எடுத்துவிட்டால் வண்டி உருளும், உருள்கிற வேகத்தில் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். எங்கள் காரில் ஹேண்ட் பிரேக்கும் எந்தக் காலத்திலோ அறுந்துபோயிருந்தது. அந்தக் கல்தான் எங்கள் ஹேண்ட் பிரேக் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். நானும் சிரித்து வைப்பேன்.

பிரேக் ஒயிலும் அப்படித்தான், பதுளை முழுக்க அலைந்தாலும் ஒரு சொட்டுக் கிடைக்காது. ஆகவே இருக்கிற பழைய ஒயிலையே வடித்தெடுத்து, துணியில் வடிகட்டி, மண்டி அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததைத் திரும்ப ஊற்றுவது அவர் கண்டுபிடித்த வைத்தியம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வடிகட்ட என்னிடம் கேட்காமலே என் பழைய வாயல் சேலையில் ஒரு முழம் கிழித்துவிட்டார். நான் சண்டைக்குப் போனேன்.

"இது சேலைய விடப் பெரிய விசயம் புள்ள. இந்த ஒயில் இல்லாட்டி பிரேக்க எம்புட்டு மிதிச்சாலும் பிடிக்காது. காலு சும்மா உள்ளுக்குப் போகும், அவ்வளவுதான்."

பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி காலால் மிதித்துக் காட்டியும் விளக்கினார். பிறகு ஒயிலை ஒரு போத்தலில் ஊற்றி, மண்டி படியட்டும் என்று நான் சமைக்கிற குசினி ஜன்னலில் வைத்தார். கழற்றிய சக்கரங்களை மாட்டினார். மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டதும் வழக்கம்போலப் பாயை விரித்துத் தூங்கிப்போனார்.

டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். பிற்பகலில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆள் ஒருவர் டவுனிலிருந்து வந்து வாசலில் நின்றார். "அம்மா, நானா கடையில சொல்லி விட்டாங்க. பால்மா வந்திருக்காம். ஒங்களுக்குன்னு ஒரு டின் எடுத்து வச்சிருக்காராம். அந்திக்குள்ள வராட்டி வேற ஆளுக்குக் குடுத்திருவாராம்."

எங்களுக்கு அப்போது ஒரு கைக்குழந்தை. என்னிடம் பால் பற்றவில்லை. கஞ்சித் தண்ணீரைக் கொடுத்து எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "எந்திரிங்க, எந்திரிங்க" என்று அவரை உலுக்கினேன். பாதித் தூக்கத்தில் எழுந்து சட்டையை மாட்டினார். பெரியவள், ஐந்து வயதுக்காரி, "நானும் வாரேன்ப்பா" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கல்லை நான்தான் எடுத்தேன். வண்டி உருண்டது, இருமியது, இஞ்சின் பிடித்துக்கொண்டது. மகள் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

தொட்டிலில் சின்னது தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனேன். ஜன்னலில் போத்தல் இருந்தது.

முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. ஒயில் நன்றாகத் தெளிந்துவிட்டதே என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஒயில் இங்கே இருக்கிறது. கார் போய்விட்டது. காலு சும்மா உள்ளுக்குப் போகும், அவ்வளவுதான்.

வாசலுக்கு ஓடினேன். புகைகூட இல்லை. எங்கள் வாசல் இறக்கத்தை விட்டால் ஸ்டோர் வரைக்கும், அதாவது தேயிலை ஆலை வரைக்கும், பாதை ஏறக்குறைய சமதரை. அங்கே பிரேக் மிதிக்கும் தேவையே வராது. ஸ்டோரைத் தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவாகப் பதுளை வரைக்கும் ஒரே இறக்கம். அவருக்கு விஷயம் தெரியவரப்போவதே அங்கேதான். தெரிந்து என்ன செய்வார்? பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "தொட்டில்ல புள்ள, பாத்துக்கங்க!" என்று கத்திவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்தேன்.

கார்ப்பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். கொழுந்து எடுப்பவர்கள் நடக்கும் குறுக்குப் பாதை நேராகக் கீழே விழும். வேகமாக இறங்கினால் காரைவிட முன்னால் கீழ்ப் பாதைக்குப் போய்விடலாம். போய் என்ன செய்வேன், காரை முந்தானையால் கட்டியா நிறுத்தப் போகிறேன்? அதெல்லாம் யோசிக்கவில்லை. செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் காலைக் கிழித்தன. கதிர்காமத்து முருகனைக் கூப்பிட்டேன். காவடி, மொட்டை என்று வாயில் வந்ததையெல்லாம் நேர்ந்துகொண்டேன். நடுவில், "பாவி மனுசா, பாவி மனுசா" என்று அவரையும் திட்டிக்கொண்டுதான் ஓடினேன்.

அப்போது ஹோர்ன் சத்தம் கேட்டது. எங்கள் காரின் ஹோர்ன் ஆட்டுக்குட்டி கத்துவது போலிருக்கும், எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும். அது விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கீழே லயங்கள். ஞாயிற்றுக்கிழமையென்றால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கார்ப்பாதையில்தான் விளையாடுவார்கள், பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வரும் பெண்களும் அந்த வழியேதான் நடப்பார்கள். என் பிள்ளை உள்ளே, ஊரார் பிள்ளைகள் வெளியே. யாருக்காக வேண்டுவது என்றுகூடப் புரியவில்லை. பொய் சொல்வானேன், என் பிள்ளைக்காகத்தான் வேண்டினேன்.

மலை விளிம்பில் ஒரு இடத்தில் செடிகள் விலகிக் கீழ்ப் பாதை தெரிந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் சிதறி ஓடினார்கள். அவர்களுக்கு நடுவே கார் போனது. அவ்வளவு வேகமாக அந்தக் கார் போய் நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை தெரிந்தது. பக்கத்தில் என் மகளின் தலை இல்லை. முன்சீட் காலியாக இருந்தது. கதவு திறந்து எங்கேயோ விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். மேலே ஓடித் தேடுவதா, கீழே ஓடுவதா? அந்த இடத்திலேயே நின்றேன்.

கார் வளைவில் மறைந்தது. கொஞ்ச நேரம் ஹோர்ன் மட்டும் கேட்டது. பிறகு ஒரு சத்தம், தகரத்தை மலையில் அடித்த மாதிரி. ஹோர்ன் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த அமைதியைப் போல ஒன்றை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. இன்றைக்கும் ரோட்டில் ஒரு ஹோர்ன் அடித்துச் சட்டென்று நின்றால் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

மிச்ச இறக்கத்தை எப்படி இறங்கினேனோ தெரியாது. மலையை இரண்டாக வெட்டிப் போட்ட பாதை அது. இடது பக்கம் மண்மேடு, வலது பக்கம் கரும்பாறை. அதற்கப்புறம் வருவது பெரிய வளைவு, வளைவுக்குக் கீழே பள்ளம். நான் மண்மேட்டின் மேலே வந்து நின்றேன். கார் எதிர்ப்பக்கத்தில் பாறையோடு ஒட்டிக் கிடந்தது. ரோட்டில், காரின் பக்கத்தில், என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவர் காரில் சாய்ந்தபடி நின்றார்.

என்னைக் கண்டதும் மகள் அழ ஆரம்பித்தாள். "அம்மா, அப்பா என்னையக் கீழ குந்திக்கச் சொன்னாரும்மா. கண்ண மூடிக்கிட்டு சீட்டப் புடிச்சுக்கன்னாரு. நான் கண்ணத் தொறக்கவே இல்லம்மா."

உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்த கையோடு கோபமும் வந்தது. மேட்டிலிருந்து சறுக்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்கு இந்தப் பக்கம் விழுந்தேன். குச்சி கிழித்த காலை ஊன்றி அந்தச் சின்னக் கானைத் தாண்ட முடியவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே வாயைத் திறந்தேன்.

"நீங்க ஒரு மனுசனா? ஒயில் எங்க இருக்கு தெரியுமா? குசினி ஜன்னல்ல இருக்கு! காலையில பூரா எனக்குப் பாடம் எடுத்தீங்களே, ஒங்களுக்கு மறந்து போச்சா? புள்ளயக் கொல்லப் பாத்தீங்களே!"

லயத்து ஆட்கள் மேலேயிருந்து ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் புருஷனைத் திட்டுகிறோமே என்ற கூச்சம்கூட எனக்கு இல்லை.

"என்னத்துக்கு மரமா நிக்கிறீங்க? புள்ளயத் தூக்கி இங்கிட்டு குடுங்களேன்!"

அவர் குனிந்தார். இடது கையை மட்டும் நீட்டி அவளைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. திரும்பவும் பார்த்தார். அப்போதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். முழங்கைக்குக் கீழே அது அவருக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது. சட்டைக் கை முழுக்க ரத்தம். டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளே மடிந்து, சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மகள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது.

முதலில் வந்து சேர்ந்தவர் தோட்டத்து லொறி டிரைவர். ஆபீசில் தினமும் இவரோடு கார் பேச்சுப் பேசுகிற மனிதர். மகளைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இவர் கையைக் கட்டினார். கட்டிக்கொண்டே காரையும் பாதையையும் பார்த்தார்.

"ஏங்கய்யா, இந்தப் பக்கம் பூரா மண்மேடுதானே? இதுல சாச்சிருந்தா வண்டி புதைஞ்சு நின்டிருக்கும். ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எதுக்குப் பாறையில கொண்டு போயி அடிச்சீங்க?"

அவருக்குப் பல் கிட்டித்துப் போயிருந்தது.

"அந்தப் பக்கம் புள்ள இருந்துச்சு" என்றார்.

நான் திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதையெல்லாம் அங்கேயே விட்டேன். மகளைக் கீழே இறக்கிவிட்டு, கானைத் தாண்டி அவரிடம் போனேன்.