தொண்ணூற்றைந்து புள்ளி ஆறு

அம்மா போய்ப் பத்தொன்பது நாளாகிறது. அவருடைய ஒரு கையெழுத்தைப் பற்றி எழுதிவிட வேண்டும்.

பயன்படுத்திய எத்தனாலை வாங்கிக் காய்ச்சி வடித்து விற்கும் தொழிற்சாலை. அம்மா அங்கே டவர் ஆபரேட்டர். மூன்று மாடி உயர டவரின் அடியில், நீராவிச் சூட்டில், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கொதிக்கும். எத்தனால் முந்திக்கொண்டு ஆவியாகும். டவருக்குள் அடுக்கியிருக்கும் தட்டுகளில் ஒவ்வொன்றாக ஏற ஏறத் தண்ணீர் பின்தங்கும். உச்சியில் 78.2 டிகிரி காட்டும்போது குளிர்ந்து வருவது 95.6 சதவீதம். லேபிளில் அம்மா அதை எழுதிக் கையெழுத்திடுவார்.

ஒரு வாடிக்கையாளர் 99 கேட்டார். மேனேஜர் தலையாட்டிவிட்டார்.

"நீராவியைக் கொஞ்சம் தூக்குங்கம்மா."

"தூக்கினா வேகமா வரும் சார். சுத்தமா வராது."

ஆனாலும் அம்மா இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். பிறகு உச்சித் தட்டின் திரவத்தில் ஒரு குப்பி, அதிலிருந்து எழுந்த ஆவியைக் குளிர்வித்து ஒரு குப்பி பிடித்து அளந்தார். இரண்டும் 95.6.

"மேல போறதும் இதே, கீழ நிக்கிறதும் இதே. இனி எதை எதுலேர்ந்து பிரிக்கச் சொல்றீங்க?"

"வியாக்கியானம் வேணாம். 99னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து பீப்பாய் கழுவுங்க."

நான் அப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஆவிக்கோடும் திரவக்கோடும் தொட்டுக்கொள்ளும் அந்தப் புள்ளியை, கொதிநிலை மாறாக் கலவையை, அந்த வாரம்தான் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். தெரிந்தே சொன்னேன்: "ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுத் தொலையேன்."

"உன் நோட்டுல அந்தப் புள்ளியை அழிச்சிட்டு வா. நானும் போடுறேன்."

பதினான்கு மாதம் பீப்பாய் கழுவினார். உள்ளங்கை உரிந்தது. "பீப்பாய் என்னைப் பொய் சொல்லச் சொல்றதில்ல" என்பார். அன்று அப்படிச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்க ஆளில்லை.

வேறொருவர் கையெழுத்திட்ட சரக்கை வாடிக்கையாளர் சோதித்துத் திருப்பி அனுப்பினார். கடைசியில், நீரை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய தொட்டி ஒன்றை டவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மேனேஜரே பீப்பாய் முற்றத்துக்கு வந்து பேனாவை நீட்டினார்.

"99.7 வருதும்மா. பழையபடி உங்க கையெழுத்து இருந்தாத்தான் அந்த வாடிக்கையாளர் எடுப்பாராம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "குப்பியைக் கொடுங்க."

மூன்று முறை அளந்தார். 99.6 என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"ஏழும்மா, ஏழு."

"ஆறு, சார்."