சர்வர் டவுன் என்று சொன்னது யார்?

இ-சேவை மையத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லும் வார்த்தை "சர்வர் டவுன்".

அதற்கு முந்தைய அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் எங்கள் மனுவை வாங்காமலே "நாளைக்கு வா" என்றது. இரண்டாவது, வாங்கிய மனுவை "ஐயா கேம்ப் போயிருக்கார்" என்று மேசையிலேயே போட்டுவைத்தது. மூன்றாவது, ஐயா வந்ததும் பைலைக் காணோம் என்றது. நான்காவது, காணாமல் போன பைலுக்காக எங்கள் மலையின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் நோட்டீஸ் கொடுத்த என் மேல் வழக்குப் போட்டது.

எஸ்டேட் தொழிலாளர் சங்கத்துக்காக முப்பது வருஷம் இந்த நான்கோடு மல்லுக்கட்டியவன் நான். துண்டுப் பிரசுரங்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆனால் ஐந்தாவதாக "சர்வர் டவுன்" வந்தது. நாளைக்கு வா என்றவனுக்கு ஒரு முகமாவது இருந்தது. சர்வரை எதிர்த்து எங்கே போய்க் கொடி பிடிப்பது? ஜன்னலுக்கு வெளியே கால் கடுக்க நின்ற தோழர்களே, அதற்கு எனக்கு விடை சொன்னவர் ரெஜினா.

கறுப்புத் திரை

ஒண்டிக்கடையில் மையம் நடத்துகிறவர் ரெஜினா. வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்த என்னை உள்ளே கூப்பிட்டு இரண்டாவது நாற்காலியைக் கொடுத்தார். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. முதல் வாரமே, மிளகுத் தோட்டப் பட்டா நகல் கேட்டு வந்த மாரமங்கலத்து விவசாயியிடம் "சர்வர் டவுன்" என்று சொல்லிவிட்டேன். யாரை எதிர்த்தேனோ அவர்களுடைய வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது.

ரெஜினா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, கறுப்பாக ஒரு திரையைத் திறந்து 'பிங்' என்று ஒரு கட்டளை அடித்தார். இருக்கிறாயா என்று இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்ப்பதுதான் பிங். எங்கள் அறையிலேயே இருக்கும் மோடம்கூட பதில் சொல்லவில்லை. குனிந்து பார்த்தால், நான் கால் நீட்டியதில் கேபிள் கழன்று கிடந்தது. எட்டிப் பார்த்த விவசாயி கேட்டார்: "ஏனுங்க தலைவரே, அந்தச் சர்வரு உங்க காலடியிலதான் உழுந்து கெடந்துச்சுங்களா?"

நான் ஒட்டிய போஸ்டர்

பிங் கற்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் ஓர் அலுவலகத்தின் இணையதளத்தைக் கூப்பிட்டேன். நான்கு முறையும் பதில் இல்லை. விடுவேனா? "நான்கு முறை அழைத்தும் மௌனம்! மக்களே, பாரீர்!" என்று என் கையாலேயே எழுதி பஸ் ஸ்டாண்டில் ஒட்டிவிட்டு வந்தேன்.

ரெஜினா தன் செல்போனில் அதே தளத்தைத் திறந்து காட்டினார். பளிச்சென்று வந்தது. பாதுகாப்புக்காகச் சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி வைத்திருப்பார்களாம். வேலை மட்டும் நடக்குமாம். பசை காய்வதற்குள் ஓடிப்போய் நகத்தால் சுரண்டினேன். பின்னாலேயே வந்த ரெஜினா சொன்னார்: "கூப்பிட்டாத் திரும்பிப் பாக்காம வேலை செய்யறவங்களும் இருக்காங்க தலைவரே. நீங்க ஒருத்தரைக்கூடப் பாத்ததில்லீங்களா?"

இரண்டாவது வரி

செம்மநத்தத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தார் பொன்னம்மா. மகளின் கல்லூரி விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழைச் சேர்க்க அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. சான்றிதழ் தயார் என்று செல்போனில் தகவல் வந்துவிட்டது. எடுத்து ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. மகள் அம்மாவுக்குப் பதிலாகக் களை வெட்டப் போயிருந்தாள். "இது தப்பிப்போச்சுன்னா அவளுக்கும் காட்டு வேலைதானுங்க" என்றார் பொன்னம்மா. மத்தியானம் நெட் போயிற்று. ரெஜினாவின் செல்போனிலும் அன்று பேச மட்டும்தான் சிக்னல் இருந்தது.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. மோடத்தைக் கூப்பிட்டேன், பதில் வந்தது. பிறகு 'டிரேசர்ட்' அடித்தேன். நம் கேள்வி எந்தெந்த இடம் வழியாகப் போகிறது என்று வரிவரியாகக் காட்டும் கட்டளை அது. இரண்டாவது வரியிலிருந்து வெறும் நட்சத்திரக் குறிகள், பதில் இல்லை என்று அர்த்தம். நெட் கொடுக்கும் கேபிள் கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்க சைடு சரிங்க, சர்வர் டவுன்" என்றார்கள். நான் எழுந்து நின்று, குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் வாசித்தேன். "முதல் வரி, எங்கள் மோடம், பதில் உண்டு. இரண்டாவது வரி, உங்கள் இடம், பதில் இல்லை. சர்வர் வாசலுக்கு நாங்கள் இன்னும் போய்ச் சேரவே இல்லை!"

ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு லைன்மேன் முருகன் தூறலில் பைக்கில் வந்தார். ரோட்டின் கீழ் வளைவில் சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒடிந்து கேபிளை அறுத்திருந்தது. ஈரக் கம்பத்தில் ஏறி இணைத்துவிட்டு, சொட்டச் சொட்ட மையத்துக்கு வந்தார். என் வாழ்நாளில் ஒரு கம்பெனி ஆளுக்கு நான் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. முருகன் சிரித்தார்: "மலை முழுக்க அலைய உடாம இந்தப் பக்கந்தான்னு சொன்னீங்க பாருங்க, நாந்தானுங்க உங்களுக்கு நன்றி சொல்லோணும்."

சாட்சிகள்

நாலே முக்காலுக்குச் சான்றிதழ் வந்தது. ரெஜினா அதை விண்ணப்பத்தில் ஏற்றிவிட்டு எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். சங்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தையும் சும்மா மடித்துக் கையில் கொடுக்க மாட்டோம். இரண்டு பேரை நிறுத்தி, பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுப்போம். ஒருவர் பெயரில் இன்னொருவருக்கு வேலை போட்ட எஸ்டேட்டில் கற்றுக்கொண்டது அது. முருகனையும் ரெஜினாவையும் நிறுத்தினேன். பொன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நொம்பச் சத்தமாப் படிங்கண்ணா, எங்க ஊடு வரைக்குங் கேக்கட்டும்."

முப்பது வருஷம் 'ஒழிக' என்று கத்தியே கெட்டுப்போன தொண்டைக்கு, ஒரு கறுப்புத் திரையின் தயவில் கடைசியில் வாய்த்த முழக்கம் இதுதான்: "செம்மநத்தம், சடையன் பொன்னம்மா மகள், பூங்கொடி!"