வெற்றிலை மடிக்கும் நேரத்தில் ஒரு பேய்

சினிமா விநியோகக் கம்பெனியில் கதை படிக்கிற உத்தியோகம் என்றால், தலையணை கனத்துக்கு வருகிற கதையை முழுக்கப் படித்துவிட்டு முதலாளியிடம் ஒரே வரியில் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் அதற்குள் உயிர் போய்விடும். பக்கம் பக்கமாக உழைத்ததை எல்லாம் "சுருக்கமா சொல்லுங்க" என்று உங்கள் மேலதிகாரியும் கேட்டதுண்டா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான், உட்காருங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வேலையில் சேர்ந்தேன். மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மதராஸில் படம் எடுக்கிறவர்கள் கதையை முன்கூட்டியே எங்களுக்கு அனுப்புவார்கள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்குப் படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று எங்கள் முதலாளி தலையசைத்தால்தான் அங்கே கேமரா சுற்றும். அவரோ எதையும் படிக்க மாட்டார். தென்னூரில் வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, நாற்காலியில் சாய்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். அதை மடித்து வாயில் போடுவதற்குள் நான் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். பிடித்தால் "சரி". பிடிக்காவிட்டால் "அடுத்தது". ஒரு கதையை இரண்டாம் தடவை கேட்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

பேய்ப்படம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் நான் கெட்டிக்காரன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என் மேஜை டிராயரில் நானே எழுதிய பேய்க்கதை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. மதராஸ் தயாரிப்பாளர் ஒருவர், "உங்க முதலாளி சரின்னு சொன்னா நான் ரெடி" என்றிருந்தார். எனக்குக் கிடைப்பது ஒரே சந்தர்ப்பம். அது தப்பினால் ஆயுசுக்கும் அடுத்தவர் கதையைப் படித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பங்களாவில் சித்தப்பா

நான் எழுதும் வரியைத்தான் தியேட்டர்காரர்கள் நோட்டீஸிலும் அச்சடிப்பார்கள். அந்தக் காலத்துப் பேய்ப்படங்களில் பாதிக்கு மேல் கடைசி ரீலில் பேயின் முகமூடி கழன்றுவிடும். அப்படி ஒரு படத்துக்கு, வேலையில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய வரி: "ஜமீன் பங்களாவில் சலங்கை கட்டி நடமாடுவது பேயா, சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பாவா?" கேள்விக்குறி போட்டு முடித்ததில் எனக்கு ஒரே பெருமை.

படம் வந்த வாரமே லால்குடி தியேட்டர்காரர் நோட்டீஸும் கையுமாக மாடியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டீஸாலேயே விசிறிக்கொண்டே, கூட்டமே இல்லை என்றார். "ஜனங்களைக் குழப்பத்தானே கேள்வியா போட்டேன்?" என்றேன் மிடுக்காக. அவர் சொன்னார்: "சித்தப்பான்னு நீங்களே எழுதிட்டீங்க, அப்புறம் எவனுக்குங்க பயம் வரும்? எங்க ஊர்ல ஆளுக்கு ரெண்டு சித்தப்பா இருக்காங்க, அதைப் பார்க்க டிக்கெட் வேற எடுக்கணுமா?"

பண்டிதப் பேய்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஓர் ஐயங்கார் சுவாமி, மதராஸ் கம்பெனி ஒன்றுக்காகக் கதை எழுதிக்கொண்டு வந்தார். பூர்வ ஜென்மம், சாபம், சாபவிமோசனம் என்று மூன்று கட்டு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்துவிட்டு இப்படி வடித்தேன்: "கற்ற வித்தையை யாருக்கும் சொல்லித்தராமல் செத்துப் பேயான பண்டிதர், தன் பாடத்தைக் கேட்க ஒருவன் வரும்வரை அந்தத் தெருவைத் தூங்கவிட மாட்டார்." பேய் வருகிறது என்றால் யாருக்கும் பயம் வராது. அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால்தான் பயம் பிடிக்கும். இந்த வரிக்கு முதலாளி பாக்கை எடுப்பதற்கு முன்னாலேயே "சரி" என்றுவிட்டார்.

சந்தோஷமாக ஓடிப்போய் ஐயங்காரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். அவர் முகம் சிவந்தது. "பேயாவது, பிசாசாவது! அவர் சகல சாஸ்திரமும் அத்யயனம் பண்ணினவர்ங்காணும். பிரம்மராட்சஸ்னு ஸ்பஷ்டமா எழுதும், இல்லேன்னா அவரே உம்ம கிருஹத்துக்கு வந்து கேட்பார்!"

பாலம் முடிந்தது

இத்தனை பேருடைய பேயையும் ஒரு வரியில் அடைத்தவனுக்குத் தன் பேய் மட்டும் அடங்கவில்லை. சொந்தக் கதையில் எதை விடுவது? கிணற்றில் விழுந்து செத்த மூத்த மருமகளை விட முடியுமா? துரோகம் செய்த மாமனாரை? புளியமரத்தை? எல்லாமே நான் பெற்ற பிள்ளைகளாகத் தெரிந்தன.

எங்கள் காஷியர் கணேசனும் நானும் ஸ்ரீரங்கத்தில்தான் குடியிருந்தோம். ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது என் வரியை ஆரம்பித்தேன். கிணறு வந்தது, மாமனார் வந்தார், புளியமரமும் வந்தது. அவர் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாலமே முடிஞ்சு போச்சு சார், உங்க வரி முடியலையே. முதலாளி இந்நேரம் வெத்தலையைத் துப்பிட்டு வாய் கொப்புளிச்சிருப்பாரு!"

டிபன் டப்பா

என் கதையைத் தமிழ் மெஷினில் டைப் அடித்தவர் மிஸ் ஸ்டெல்லா. மேலப்புதூர்க்காரர். எங்கள் ஆபீஸுக்கு வந்த பேய்கள் அத்தனையும் அவர் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. ஒன்றுக்கும் அவர் அசைந்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தை உருவிக் கொடுத்தபோது, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கிணற்றுக் காட்சியைப் புகழ்வார் என்று நிச்சயமாக இருந்தேன். அதை நான் எட்டுத் தடவை திருத்தி எழுதியிருந்தேன்.

நடுவில், ஒப்புக்கு எழுதிய ஒரு சமையலறைக் காட்சியும் உண்டு. புது மருமகள் நாலு இலை போட்டுவிட்டு உள்ளே போவாள். குழம்போடு திரும்பினால் ஐந்து இலை இருக்கும். அடுத்து புளியமரம் வரவேண்டுமே என்று அதை அரைப் பக்கத்தில் தாண்டியிருந்தேன். ஸ்டெல்லா காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னார்: "கிணத்துல பேய் வர்ற இடத்துல டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பிச்சேன் சார். அந்த அஞ்சாவது இலை வந்துச்சு பாருங்க, அப்படியே மூடி வச்சிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. கிணற்றுக்காக அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கிணறு, மாமனார், மரம் மூன்றையும் என் வரியிலிருந்து அடித்துவிட்டேன்.

முதலாளியின் சுண்ணாம்பு

அன்று முதலாளி சாப்பிட்டுவிட்டு வந்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். "அடுத்தது என்னய்யா?" என்றார். "இது என்னுதுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு டப்பியைத் திறந்தார். நான் குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல் சொன்னேன்: "நாலு பேர் இருக்கிற வீடுங்க. புது மருமகள் நாலு இலை போடறா, பரிமாற வந்தா அஞ்சு இலை இருக்கு. அந்த அஞ்சாவது இலையில சோறு வைக்கலைன்னா, மறுநாள் மூணு இலை போட்டாப் போதும்."

முதலாளி "சரி" என்று சொல்லவில்லை. "அடுத்தது" என்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பு தொட்ட விரல் அப்படியே நின்றது. பிறகு வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்று எழுந்து போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அவர் வெற்றிலை போடாமல் எழுந்ததே இல்லை. கணேசன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கதை போயிற்று என்றே நானும் முடிவு கட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் முதலாளி தென்னூரிலிருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். நாற்காலியில் உட்காராமல் நேரே என் மேஜைக்கு வந்து நின்றார். "இன்னைக்கு எங்க வீட்டுல இலையை எண்ணிட்டுதான்யா உட்கார்ந்தேன், என்னத்தை எண்ணுறீங்கன்னு அவளே கேட்டுட்டா. மெட்ராஸுக்குப் போன் போடு!"

என் உத்தியோகத்தையே ஒரு வரியில் சொல்லச் சொன்னால், ஊரிலுள்ள பேய்களையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தவனுக்குக் கடைசியில் கைகொடுத்தது ஒரு வாழை இலை.