பக்கத்தில் எந்தப் படகு?

கல்முனைக்குடி கரையிலுள்ள மீனவர் சங்கமொன்றின் கணினியைப் பார்த்துக்கொள்பவர் றம்ஸீன். பஸாரில் கைபேசி திருத்தும் கடை அவருடையது. புரோகிராம் எழுத யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பிழைச் செய்திகளைச் சொல் சொல்லாக அகராதியில் பார்த்துப் படித்தார். மீனவர் குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி. "கடலுக்குப் போகாதவன்ட கையில கடலக் குடுத்திரிக்கம்" என்று, அவர் அண்ணன் முறையில் 'காக்கா' எனக் கூப்பிடும் சங்கச் செயலாளர் அபுல் ஹஸன் சிரிப்பார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் சிரிக்கவில்லை. வாடைக்காற்று திடீரென்று எழும்பியிருந்தது. எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்று ஒரு படகிலிருந்து வானொலியில் குரல் வந்தது. பிறகு அதுவும் அடங்கியது. படகில் இருந்தது றம்ஸீனின் மச்சான். மச்சானின் மனைவி, றம்ஸீனின் அக்கா பஸ்மிலா சங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படகுகளிலிருந்து வரும் அவற்றின் இருப்பிடங்களைக் கணினியில் ஒரு பழைய புரோகிராம் குறித்துவைக்கும். எந்தப் படகு அருகில் என்று தேடிச் சொல்வது றம்ஸீன் எழுதியது. தேடினார். 'ஆர்ட்ரீ என்ற பகுதி இல்லை' என்று ஒரு வரி மட்டும் வந்தது.

"என்னடா தம்பி, கதையன்!" என்றார் பஸ்மிலா.

"பொறுங்க ராத்தா."

"டேட்டா கெட்டுப் போச்சா? நேத்தைய கொப்பியப் போடு மகன்" என்றார் அபுல் ஹஸன்.

றம்ஸீனின் கையும் அங்கேதான் போனது. நேற்றைய பிரதியைப் போட்டால் இன்று குறித்த இடங்கள் அத்தனையும் அழியும். கையை எடுத்துவிட்டு அந்த வரியை மீண்டும் வாசித்தார். டேட்டா கெட்டது என்று அது சொல்லவில்லை. ஒரு பகுதி இல்லை என்றுதான் சொன்னது.

தேடல் வேகமாகட்டும் என்று டேட்டாவைச் சேமித்துத் தேடித்தரும் டேட்டாபேஸ் லைப்ரரி என்ற நிரல்தொகுப்பின் புதிய பதிப்பை மூல நிரலிலிருந்து தானே கட்டி, பழையதன் மேலேயே போட்டிருந்தார். ஜும்ஆவுக்காகப் படகுகள் கரையில் நிற்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று முந்தின நாள் வெள்ளிக்கிழமை அதைச் செய்தார். சோதித்தும் பார்த்தார். ஆனால் கடலில் ஒரு படகும் இல்லாதபோது அந்தத் தேடலே நடக்காது. எல்லாம் சரியாக ஓடியதுபோல் இருந்தது.

எந்தத் தெரிவுகளோடு கட்டப்பட்டது என்று லைப்ரரியிடமே கேட்டார். ஆர்ட்ரீ எனும் இடம் தேடும் பகுதி அதில் இல்லை. நாமே கட்டும்போது அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும், அவர் சொல்லவில்லை.

"டேட்டா கெடல்ல காக்கா. நான் கட்டினதுதான் பிழை."

"பிழையப் பொறகு பாப்பம். ஆளத் தேடு!"

தெரிவைச் சேர்த்து மறுபடி கட்டத் தொடங்கினார். பழைய கணினியில் வரிகள் ஊர்ந்தன. பஸ்மிலா ஓதிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அந்தப் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகே தேடினார். காரைதீவு நல்லரெத்தினத்தின் படகுதான் அருகில் என்று திரையில் வந்தது.

"நல்லரெத்தினம், நீதான்டா கிட்ட இரிக்கா!" என்று அபுல் ஹஸன் வானொலியில் கத்தினார்.

"கரைக்கு வந்திட்டிரிக்கன் அண்ணே..." காற்று இரைந்தது. "சரி, திருப்பிட்டன். இடத்தச் சொல்லுங்க."

மச்சானின் படகு கடைசியாக அனுப்பிய இடத்தின் இலக்கங்களை றம்ஸீன் வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

நெடுநேரம் வானொலி இரைச்சலாகவே இருந்தது. பிறகு, "ஆளக் கண்டுட்டன். வாளியால அள்ளி ஊத்திட்டிரிக்கார். கயிறு போட்டாச்சி."

பஸ்மிலா கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கரைக்கு வந்திருவாராடா?"

"கயிறு அறாட்டி வருவார் ராத்தா."

திரையில் நல்லரெத்தினத்தின் புள்ளி கரைப்பக்கம் திரும்பியது. அது சட்டென்று வேகமெடுத்தால் கயிறு அறுந்தது என்று அர்த்தம். றம்ஸீன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி மெல்லத்தான் நகர்ந்தது.